தேரிக்குப் போன மதினி

பஸ் எங்களை இறக்கிவிட்டு உடன்குடிப் பக்கம் போனதும் மதினி முதலில் செய்த காரியம், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டதுதான். சாலையோரப் பனைகளுக்கு அந்தப் பக்கம் தேரி தொடங்கியது. செங்கலைப் பொடித்துக் கொட்டினாற்போல, கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவந்த மணல்மேடுகள். மதினி ஒரு காலை வைத்தாள். கணுக்கால் வரை புதைந்தது. காலை எடுத்ததும் நாலாபுறமிருந்தும் மணல் சரிந்து குழியை மூடியது. "ஏட்டி, நம்ம தடத்தை அதுவே அழிச்சிருது பாரு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தரம் காலை வைத்துப் பார்த்தாள்.

மதினி என் அண்ணனின் மனைவி. இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசலில் பிறந்தவள். மழை பெய்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வருகிற மண் அவளுடையது. கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அண்ணனுக்கு வனத்துறையில் மரக்கன்றுகளைக் காவல் காக்கிற வேலை. கடலோரத் தேரியில் கொல்லாமரம், அதாவது முந்திரி, வளர்த்து மணலைக் கட்டிப்போட முயன்றுகொண்டிருந்த காலம் அது. மாதம் ஒருமுறை வருவான். சாப்பிடும்போது தேரியைப் பற்றித்தான் பேச்சு. நேற்று இருந்த மேடு இன்றைக்கு இருக்காது, கடலுக்குப் பக்கத்திலேயே இனிக்கிற தண்ணீர் உண்டு என்பான். மதினி விடமாட்டாள். அந்த மேடு எங்கே போகும், எது அதைத் தள்ளும் என்று சோறு ஆறும்வரை கேட்பாள். கூட்டிப் போகச் சொன்னால் மட்டும், "அங்கன பொம்பளை இருக்க முடியாது" என்று எழுந்துவிடுவான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், ஆடித்தபசுக்கு அண்ணன் வரவில்லை. பம்பாயில் இருப்பவர்கள்கூட ஊருக்கு வந்துவிடுகிற திருவிழா அது. பக்கத்தில் இருக்கிறவன் ஏன் வரவில்லை என்று தெருவில் கேட்டார்கள். பிறகு அவர்களே பதிலும் சொன்னார்கள்: அங்கே இன்னொரு குடும்பம் இருக்கும் என்று. அம்மா அதை நம்பினாள். தபசு முடிந்ததும், தான் போய்ப் பார்த்து வருவதாக மதினி சொன்னபோது அம்மா தடுக்கவில்லை. என்னை மட்டும் அடுப்படிக்குக் கூப்பிட்டு, "நீயும் கூடப் போ. அவன் இருக்க எடத்துல என்ன கெடக்குன்னு நல்லாப் பாத்துட்டு வா" என்றாள். நான் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் அந்த முதல் வேலை கிடைத்தது. மதினிக்கு அது தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாதை என்று ஒன்றும் இல்லை. பனையேறி ஒருவர், தூரத்தில் தெரிந்த மொட்டைப் பனையைக் காட்டி, "அதைப் பாத்தே போங்க தாயி" என்றார். உடைமுள் செடிகளை விலக்கிக்கொண்டு நடந்தோம். ஆடிக் காற்று மணலை வாரிக் கெண்டைக்காலில் ஊசியாய்க் குத்தியது. ஓரிடத்தில் ஒரு முழுப் பனை கழுத்துவரை புதைந்து, ஓலைகள் எங்கள் இடுப்பு உயரத்தில் விரிந்திருந்தன. மதினி நின்றுவிட்டாள். குருத்தோலையைத் தடவிப் பார்த்து, "ஏணி இல்லாம பனை உச்சியைத் தொட்டவ எங்க ஊர்ல நான்தாம்ட்டி" என்றாள். எனக்கோ எரிச்சல். புருஷனைப் பற்றி ஊரே பேசுகிறது, இவள் பனையைத் தடவிக்கொண்டு நிற்கிறாளே என்று இருந்தது.

கடைசி மேட்டில் ஏறியதும் கடல் தெரிந்தது. தூரத்தில், பனைகளுக்கு அப்பால் ஒரு நீலக்கோடு. மதினி அதை வானத்தின் அடிப்பகுதி என்றே முதலில் நினைத்தாள். நான் கடலைப் பார்க்கவில்லை. கீழே ஓர் ஓலைக்குடிசை இருந்தது. அதன் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சேலை காற்றில் படபடத்தது. திரும்பிப் பார்த்தேன். மதினியும் பார்த்துவிட்டாள். வழியெல்லாம் நின்று நின்று வந்தவள் எங்கும் நிற்காமல், மணல் சரியச் சரிய இறங்கிப் போனாள்.

கிட்டப் போனபோதுதான் தெரிந்தது, அது ஒரே ஒரு சேலை அல்ல. குச்சிகளை நட்டு, கிழிந்த சேலைகளை வரிசை வரிசையாகக் கட்டியிருந்தான் அண்ணன். ஒவ்வொன்றின் மறைவிலும் முழங்கால் உயரக் கொல்லாக் கன்றுகள். அவன் மண்டியிட்டு, ஒரு கன்றை மூடிய மணலைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டு பதறி எழுந்தான்.

"நீங்க எப்படி வந்திய? வீட்ல யாருக்கும் என்னமும்...?"

"எல்லாரும் நல்லா இருக்காவ. இந்தச் சேலையெல்லாம் யாருது?" என்றாள் மதினி.

"உடன்குடிச் சந்தையில பழசா வாங்குனது. ஓலைத்தட்டி இந்தக் காத்துக்கு நிக்க மாட்டேங்கு. நான் ரெண்டு நாள் இல்லைன்னா எல்லாம் மண்ணுக்கடியில போயிரும். அதான் தபசுக்கு வரல."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் குடிசைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு பாய், ஒரு பானை, ஒரு தட்டு. அம்மா சொன்ன வேலை அத்துடன் முடிந்தது. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் வெளியே வந்தேன்.

வெயில் தாழ அண்ணன் எங்களைச் சுனைக்குக் கூட்டிப் போனான். மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம். அதற்குள் நாவல் மரங்களும் தாழம்புதர்களும் அடர்ந்து, உள்ளே நுழைந்ததும் உடம்பு குளிர்ந்தது. மதினி தண்ணீரை அள்ளிக் குடித்தாள். "கடல் இவ்வளவு கிட்ட இருக்கு. இது எப்படி இனிக்கு?" என்றாள். பெய்கிற மழையை எல்லாம் மணல்மேடு குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது என்று அண்ணன் விளக்கினான். அவள் இன்னொரு கை குடித்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"இங்கனயா பொம்பளை இருக்க முடியாதுன்னு சொன்னிய?"

அண்ணன் குனிந்து சுனையில் விழுந்திருந்த சருகுகளை அள்ளிப் போட்டான். அந்த ஒற்றைப் பானைப் பிழைப்பை அவள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை நாள் மறுத்திருக்கிறான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

மறுநாள் நான் புறப்பட்டபோது மதினி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கன்றின் அருகே உட்கார்ந்து மணலை அள்ளிக்கொண்டிருந்தாள். "நீ போ ஏட்டி. காத்து அடங்குனதும் வாரேன்" என்றாள், தலையைத் தூக்காமலே. அதன்பிறகு காற்று எத்தனையோ முறை அடங்கியது. அவள் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியைப் போலத்தான் வந்து போனாள். இப்போது அந்த மேடுகளில் கொல்லாமரங்கள் தலை சேர்த்து நிற்கின்றன. பக்கத்திலேயே தார்ச்சாலை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கார்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அன்றைக்கு நான் தனியாக வந்து நின்றதைப் பார்த்ததும் அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏட்டி, அவன்கூட அங்கன யாரு இருக்கா?"

"மதினிதாம்மா இருக்கா" என்றேன்.

அடுத்த வாரம், திருச்செந்தூருக்கு வத்தல் ஏற்றிப் போன லாரியில் அம்மா ஓர் அம்மியும் குழவியும் கொடுத்தனுப்பினாள்.