இடக்கைக்கு ஒரு கல்

என் தம்பி அம்மாசி இடக்கைக்காரன் என்பது அவன் சோற்றுத் தட்டின் முன் உட்காரத் தொடங்கியதும் தெரிந்துவிட்டது. அம்மா அந்தக் கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிச் சோறு போட்டாள். அவன் குனிந்து வாயாலேயே சாப்பிட்டான், வலக்கையை எடுக்கவில்லை. பல மாதம் கழித்துச் சாப்பிட மட்டும் வலக்கைக்கு மாறினான். மற்ற வேலைக்கெல்லாம் இடக்கைதான். அவன் பிடிவாதத்தை நான் அப்போதே பார்த்துவிட்டேன்.

அப்பா முடிதிருத்தும் தொழிலாளி. அவர் காலமானதும் அவருடைய கத்தி, கல், கிண்ணி எல்லாவற்றையும் சித்தப்பா எடுத்துக்கொண்டார். நான் அப்போது கருணாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். தம்பியை என்னோடு வைத்துக்கொண்டு, கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் சலூன் வைத்திருந்த கண்ணாயிரம் மாமாவிடம் 1978இல் வேலைக்குச் சேர்த்தேன். எங்களுக்குத் தூரத்து உறவு.

“தைலா, ஒன்னு சொல்லிட்றேன் கேட்டுக்க” என்றார் மாமா என்னிடம். “உன் தம்பி பீச்சாங்கைய வச்சிக்கினு எவன் மூஞ்சியயும் தொடக் கூடாது. தொட்டான்னா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவேன்.”

அம்மாசி வீட்டில் மண்பானையைக் கவிழ்த்து, அதன் மேல் சோப்பு நுரை பூசி, வலக்கையால் வழித்து வழித்துப் பழகினான். சவரம் வலக்கைக்கு வந்துவிட்டது. கத்தி தீட்டுவது மட்டும் வரவில்லை. இப்போது பிளேடை மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது சவரக்கத்தியை வழவழப்பான கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டி, பிறகு தோல் வாரில் இழுக்க வேண்டும். கல்லில் கத்தியைத் திருப்பித் திருப்பிப் போடும்போது மணிக்கட்டு மடங்கும் விதம் அவனுக்கு இடக்கையில்தான் இருந்தது. கடையின் பின்பக்கம் யாருக்கும் தெரியாமல் செய்கிற வேலை என்பதால் மாமாவும் விட்டுவிட்டார்.

ஆனால் அவன் தீட்டிய கத்தி முடியை வெட்டவில்லை, பிடித்து இழுத்தது.

“டேய், சவரம் பண்றியா, கோழி உரிக்கிறியா?” என்று ஒரு வாடிக்கையாளர் நுரையோடு எழுந்து மாமாவின் நாற்காலிக்குப் போய்விட்டார்.

கடையில் மூன்றாவது நாற்காலிக்கு நிரந்தர ஆள் இல்லை. தைக்குள் அம்மாசியின் கத்தி சரியாகாவிட்டால் சின்னசேலத்திலிருந்து வேறு ஆளைக் கொண்டுவருவதாக மாமா சொல்லிவிட்டார். நாற்காலி கிடைக்காவிட்டால் அவன் கரும்பு வெட்டத்தான் போக வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்ப்பது என் வழக்கம். எங்கள் வீட்டு அரிவாள்மணையை அம்மாசிதான் தீட்டுவான். மீனின் தலை ஒரே அழுத்தில் துண்டாகும். தெருவில் பாதிப் பேர் அவனிடம் கத்தி கொடுத்து வாங்கினார்கள். அதே கைதானே?

“கை சரியாத்தான் இருக்குது. அந்தக் கல்லப் பாருடா” என்றேன்.

மறுநாள் மாமாவின் கல் மேல் ஒரு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்திருக்கிறான். ஒரு பக்க மூலையில் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சக் கீற்று தெரிந்தது. மாமாவின் வலக்கை அழுத்தி அழுத்தி, கல் ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தது. வலக்கைக்கு அது பழகிய சாய்வு. இடக்கையால் தீட்டினால் கத்தியின் நுனி கல்லில் படவே படாது. அப்பா இருந்திருந்தால் ஒரு நல்ல கல் வந்திருக்கும். கடைத்தெருவில் விற்ற கல்லோ சொரசொரப்பு, அரிவாளுக்குத்தான் ஆகும்.

செவ்வாய்க்கிழமை சலூன் விடுமுறை. அம்மாசி கச்சிராயபாளையம் வரை பஸ்ஸில் போய், ஜீப் கிடைத்தால் ஜீப்பிலும் கிடைக்காவிட்டால் நடந்தும் கல்வராயன் மலை ஏறினான். வெள்ளிமலைப் பக்கத்து ஓடைகளில் கல் பொறுக்கினான். அங்கே சாமை விதைக்கிற மாயவன் என்பவர், அவன் வயசுதான், கொடுவாளைத் தீட்டிக்கொண்டு இவனையே பார்த்திருக்கிறார்.

“கல்லுக்காவா மலையேறி வந்த? உங்க ஊர்ல கல்லே கெடையாதா?”

“இருக்குதுங்க. எல்லாம் ரோட்டுக்குப் போட்டுட்டாங்க.”

மாயவன் சிரித்துவிட்டார். தனக்கு முடி வெட்டிவிட்டால் நல்ல கல் கிடக்கும் இடத்தைக் காட்டுவதாகச் சொன்னார். இவன் வெட்டிவிட்டான், அவர் ஓடையின் மேல் வளைவைக் காட்டினார்.

முதல் கல்லில் மணல் நரம்பு ஓடியது. கத்தியின் வாயையே பல் பல்லாக்கிவிட்டது. அடுத்தது தேய்க்கும்போது இரண்டாகப் பிளந்தது. “போதும்டா” என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அடுத்த செவ்வாயும் அவன் கிளம்பினான். மூன்றாவதாகக் கொண்டுவந்தது கருநீலக் கல், உள்ளங்கை நீளம். துவைக்கிற கல் மேல் மணல் தூவி, தண்ணீர் விட்டு, நானும் அவனும் மாறி மாறித் தேய்த்தோம். கல்லிலிருந்து வரும் குழம்பை விரலிடுக்கில் வைத்துப் பார்ப்பேன். கண்மை மாதிரி இழைந்தது. அப்புறம் ஸ்கேல். கீற்று தெரிந்தால் மறுபடியும் தேய்ப்பு. கீற்று போகும் வரை நான் விடவில்லை.

தை பிறப்பதற்கு முன்பே அம்மாசி மாமாவிடம், “நீங்க உக்காருங்க” என்றான். தன் கல்லில் தீட்டிய கத்தியால், அவர் சொன்ன வலக்கையாலேயே அவருக்குச் சவரம் செய்தான். மாமா தாடையை எதிர்ப்பக்கமாகத் தடவிப் பார்த்தார்.

“மூணாவது நாற்காலி உன்னுதுடா” என்றார். “கல்ல இங்கயே வச்சிடு. நாங்களும் தீட்டிக்கிறோம்.”

“வேணாம் மாமா. நீங்க தீட்டுனா அது உங்க பக்கம் சாஞ்சிடும்.”

“சாஞ்சா இன்னாடா? மாமன் பக்கம்தான சாயுது?”

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாசி சிரிக்கவில்லை.

“அப்புறம் என் கத்தி மறுபடியும் முடிய இழுக்கும். தர மாட்டேன் மாமா.”

“கல்லு இல்லன்னா நாற்காலியும் இல்ல.”

அம்மாசி கல்லைத் துடைத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். நடந்ததை என்னிடம் சொன்னான். அவன் சொன்னதில் தப்பில்லை. கல்லைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால், அந்த நாற்காலி அடுத்த வருஷம் அவனுக்கு இருக்காது.

“சரி. வேற எடம் பாக்கலாம்” என்றேன்.

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ராயப்பன் என்பவர் உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நிற்கிற இடத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். கடையின் ஓரத்தில் ஒரு தகரச் சாய்ப்பை விட்டுக்கொடுத்தார். பின்னாளில் அம்மாசி அங்கேயே மூன்று நாற்காலி போட்டான், இரண்டு பேருக்குத் தொழில் கொடுத்தான். அதெல்லாம் ஊருக்குத் தெரியும். முதல் நாளைப் பார்த்தது நான்.

காலையிலிருந்து யாரும் வரவில்லை. வெயில் ஏறிய பிறகு ஒரு லாரி டிரைவர் வந்து மரநாற்காலியில் சாய்ந்தார். நுரை போடும்போதே தூங்கிவிட்டார். அம்மாசி கத்தியைக் கையில் எடுத்தான். இடக்கையில். எனக்குப் பக்கென்றது.

ஒரு கன்னம் முடிந்தபோது டிரைவர் கண் விழித்தார்.

“யோவ், இன்னாய்யா இது? பீச்சாங்கையாலயா பண்ற?”

“ஆமாண்ணே. எனக்கு இதான் கை.”

“மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“நீங்கதான் தூங்கிக்கினு இருந்தீங்களே. பாதி முடிஞ்சிடுச்சி. புடிக்கலன்னா இப்பிடியே திருச்சி வரைக்கும் போங்க.”

டிரைவர் முடிந்த கன்னத்தைத் தடவினார். முடியாத கன்னத்தைத் தடவினார். மறுபடியும் முடிந்த கன்னத்துக்கே கை போனது.

“எரியவே இல்லியேய்யா” என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.