தேய்ந்த செருப்பு

அறுபதுகளின் கடைசி. கால் விறைத்து, விரலை இழுத்து இழுத்து நடந்த என் மகளைக் கல்லலில் ரயிலேற்றிக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். அவள் காலுக்குப் பயிற்சி கொடுத்த அம்மாள், ஒருநாள் எங்களை வழியனுப்ப வந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த பெரிய செருப்பைப் புரட்டிப் பார்த்தார். குதிகால் புதிதாகவே இருந்தது. நுனி மட்டும் மகளுடையதைப் போலவே தேய்ந்திருந்தது.

"இது யாரு செருப்பு?"

"என்னோடதுதேன், ஏன் கேக்குறீக? எங்கப்பா செருப்பும் இப்பிடித்தேன் தேயும். எங்க வம்சத்து நடை அது!" என்றேன் வெடுக்கென்று. வீடே சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட நடை.

"அந்த நடைதாம்மா நோயே. பரம்பரையா வருது."

அவர் என் காலைப் பார்க்கவில்லை; நிறைமாத வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.