ஐந்தாவது வீட்டு வாய்

படிவமும் பேனாவுமாக அடுத்தவர் வாசலில் நின்று பழகியவர்களே, உங்களுக்குத் தெரியும்: கதவைத் திறக்க வைத்துவிடலாம், வாயைத் திறக்க வைப்பதுதான் பெரும்பாடு. 2003-ல் நான் ஒரு பல்கலைக்கழகப் புற்றுநோய் மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் களப்பணியாளர். புகையிலை போடுகிறவர்களின் வாயை டார்ச் அடித்துப் பார்த்து எழுத வேண்டும்.

தாண்டிப் போன வீடு

தேவாரம் என்கிற ஊரில் ஒரு தெரு. ஐந்து வீட்டுக்கு ஒரு வீடுதான் பார்க்க வேண்டும் என்பது ஆராய்ச்சி விதி. நாலாவது வீட்டுத் தங்கராசு வெள்ளை வேட்டி கட்டி, வாய் கொப்பளித்துத் தயாராக நின்றார். நான் அவரைத் தாண்டிப்போய் அடுத்த வாசலில் செருப்பைக் கழற்றினேன். கோயில் பரிவட்டத்தைப் பங்காளிக்குக் கட்டிவிட்டதுபோல் அவருக்கு முகம் சுண்டிவிட்டது. விதியை விளக்கினேன்.

"அவுக வாயைப் பாப்பீக, எங்க வாயைப் பாக்க மாட்டீகளா? நாங்க என்ன நேத்தா குடி வந்தோம்?"

மரியாதை

ஐந்தாவது வீடு பேச்சியம்மாளுடையது. வாயைப் பார்க்க வருவேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். அந்த அம்மாள் தலை சீவி, நல்ல சேலை கட்டி, அப்போதுதான் வெற்றிலை புகையிலை போட்டு உட்கார்ந்திருந்தார். டார்ச் அடித்தால் உள்ளே ஒரே சிவப்பு. துப்பிவிட்டு வரச் சொன்னதில் அவருக்கு வருத்தம்.

"வீடு தேடி வந்த பிள்ளை முன்னாடி வெறும் வாயோட உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

வலிக்காத இடம்

மூன்று செம்புத் தண்ணீரில் கொப்பளித்த பிறகு பார்த்தேன். இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. புற்றா இல்லையா என்று டாக்டர் பார்த்தால்தான் தெரியும். வியாழக்கிழமை உத்தமபாளையம் முகாமுக்கு வாருங்கள், ஜீப் வரும் என்று மூன்று நாள் நடையாய் நடந்து கெஞ்சினேன். மூன்று நாளும் ஒரே பதில்.

"வலிக்கவே இல்லாததை எதுக்குத் தாயி டாக்டருகிட்டக் காட்டணும்?"

முன் சீட்டு

வியாழக்கிழமை ஜீப் வந்து நின்றது. பேச்சியம்மாள் வாசலுக்கே வரவில்லை. தங்கராசு வந்தார், அதே வெள்ளை வேட்டியில். "அவுக வரலைன்னா அந்த எடம் சும்மாதான கெடக்கு" என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள் பாத்திரத்தை ணங்கென்று வைக்கும் சத்தம் கேட்டது. மறு நிமிஷம் பேச்சியம்மாள் வந்து ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எறங்குங்கண்ணே! எம்பேரு எழுதுன எடத்துல நீங்க எப்பிடி உக்காருவீக?"

ஆறு மாதம்

டாக்டர் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று டாக்டர் சொன்னார்: புற்று இல்லை, புகையிலையை அடியோடு விட்டுவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும். கேட்டதும் எனக்குத்தான் கண் கலங்கியது. பேச்சியம்மாள் டாக்டர் எழுதிய சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, என் காதருகே குனிந்தார்.

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஜீப்பு வரும்கிறதை மட்டும் தங்கராசண்ணங்கிட்டச் சொல்லிறாத தாயி."

'சிகிச்சைக்கு வரத் தூண்டியது எது' என்ற கட்டத்தில் 'விழிப்புணர்வு' என்று எழுதிவிட்டேன். 'பக்கத்து வீடு' என்று எழுத எங்கள் படிவத்தில் இடமில்லை.