நெல்டா இரண்டாம் முறை கேட்டது

நெல்டா வாசெக் தன்னிடம் பயிற்சிக்கு வரும் செவிலியர்களை ஆண்டுக்கு ஒரு முறை என் வீட்டுக்கு அழைத்து வருவாள். என் அடுப்பில் அவளே காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, "லைல், இவங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்பாள். நான் மாடு வளர்க்கிறவன். மனநோய்க்கு மருந்து எழுதப்போகிற செவிலியர்களுக்கு நான் என்ன புத்தி சொல்வது? வந்தவர்களோ ஏதோ வேதவாக்கு வரப்போகிறது என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்ப்பார்கள். எரிச்சலாக வரும். "முதல்ல பேனாவை மூடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கதையைத்தான் ஆரம்பிப்பேன்.

எங்கள் நெப்ராஸ்கா மணல்மேட்டு மாட்டுப் பண்ணைகளில் நெல்டா கட்டுப்போடாத கைகால் கிடையாது. ஊரின் சின்ன மருத்துவமனையில் இருபது வருடம் அவசரப் பிரிவில் இருந்தவள். குதிரை உதைத்து என் விலா எலும்பு முறிந்தபோது, "அந்தக் குதிரைக்கு இருக்கிற புத்தியில பாதி உங்களுக்கு இருந்திருந்தா நான் இந்நேரம் வீட்டுல இருந்திருப்பேன்" என்று திட்டிக்கொண்டே கட்டினாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. என் மனைவி மாவிஸின் கடைசி நாட்களிலும் அப்படித்தான். தலையணையைச் சரிசெய்வாள், பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பாள், தலை வாரிவிடுவாள். மாவிஸ் போனது அவள் கையில்தான்.

நாற்பத்தாறு வயதில் அவள் மறுபடி படிக்கக் கிளம்பினாள். மனநோயைத் தானே கண்டறிந்து மருந்து எழுதும் செவிலியர் ஆவதற்கான படிப்பு. பைத்தியம் பிடித்தால் மூன்று மணி நேரம் காரோட்டிப் போய்த்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஊர் நிலைமை. ஊர் வாய் சும்மா இருக்குமா? தீவனக் கடை ஸ்டான், காப்பிக் கடையில் எல்லார் முன்னாலும், "முதல்ல என் பெண்டாட்டியப் பாரு நெல்டா" என்றான்.

"அவங்களுக்கு என்ன? உங்ககூட முப்பது வருஷம் இருந்தும் தெளிவா இருக்காங்க. அது எப்படின்னுதான் ஆராய்ச்சி பண்ணணும்" என்றாள். ஸ்டான் அதன்பிறகு அவள் படிப்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

வேலைக்குப் போகும் வழியில் விடிகாலையில் என் காற்றாலைப் பக்கம் காரை நிறுத்திவிட்டுப் பாடம் படிப்பாள். புல்லின்மேல் பனிமூட்டம் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். கார் தெரியாது, குரல் மட்டும் வரும். நீளநீளமான மருந்துப் பெயர்கள் ஒவ்வொன்றாக மிதந்து வரும். என் மாடுகள் வேலியோரம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கும். நானும் குதிரைமேல் உட்கார்ந்து கேட்பேன், ஒன்றும் புரியாது. மாவிஸ் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

மாவிஸ் போன இரண்டாவது குளிர்காலத்தில் என்னைவிட்டுத் தூக்கம் போய்விட்டது. படுப்பேன், கூரையைப் பார்ப்பேன், எழுந்துவிடுவேன். சில வாரங்களில் பகலெல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல ஆயிற்று. தரையும் வானமும் ஒரே வெள்ளை, எது மேடு எது மேகம் என்று தெரியாது. சமையலறையில் மாவிஸ் கோப்பையில் கரண்டியைச் சுழற்றும் சத்தம் கேட்கும். பயமாக இருந்தது என்று நினைக்காதீர்கள், இதமாக இருந்தது. சனிக்கிழமை ஏலத்தில் மாடுகளை விற்றுவிட்டால் என்னால் யாருக்கும் தொந்தரவு இல்லை, அத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று அமைதியாகவே தீர்மானித்திருந்தேன். நான் எதை முடித்துக்கொள்ள இருந்தேன் என்று வந்திருக்கும் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்காது.

என் தங்கை டென்வரிலிருந்து தொலைபேசியில் நச்சரித்து நச்சரித்து, தூக்க மாத்திரையாவது வாங்கிக்கொள் என்று மருத்துவமனையில் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டாள். அவள் வாயை அடைக்கத்தான் போனேன். அறையில் நெல்டா இருந்தாள், பயிற்சியின் கடைசி மாதமாம். அவளை மேற்பார்வை பார்க்கும் அம்மாள் ஒமாஹாவில் இருந்துகொண்டு கணினித் திரையில் தலையைக் காட்டினாள்.

நெல்டா சாப்பாடு, தூக்கம், குடி என்று கேட்டுக்கொண்டே வந்தாள். திடீரென்று பார்வை தட்டச்சுப் பலகைக்குப் போய்விட்டது.

"எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா? இல்லையா, சரி. செத்துடலாம்னு எதுவும் தோணலைல்ல?"

"இல்லம்மா."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. உடனே, பண்ணையில் வேலை அதிகமோ என்று கேட்டாள்.

"வேலை என்ன வேலை. நூத்திப்பன்னண்டு மாடுதான் மிச்சம். சனிக்கிழமை அதுவும் போயிடும்."

இரண்டு வாரத்துக்கு மாத்திரை, அப்புறம் மறுபடி வரவேண்டும் என்று திரையிலிருந்த அம்மாள் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவனிடம் எத்தனை மாடு என்று கேட்பது அவன் சட்டைப் பைக்குள் கையை விடுகிற மாதிரி. கேட்கவும் மாட்டோம், சொல்லவும் மாட்டோம். வேலி தாண்டி எட்டிப் பார்த்து எண்ணினால்கூட எண்ணாத மாதிரி இருப்போம். மாவிஸுக்கே நான் சரியான கணக்கைச் சொன்னதில்லை. நெல்டாவும் மாட்டுக்காரன் மகள்தான். அவள் அப்பா அவளிடம் தன் மாட்டுக் கணக்கைச் சொன்னது, சாகிற அன்று காலையில். கணினியில் நூற்றுப் பன்னிரண்டு என்று அடித்தபோது அவளுக்கு விரல் ஓடவில்லையாம். தன் மாடு என்று நினைக்கிறவன் எண்ணிக்கையைச் சொல்ல மாட்டான். ஒமாஹா அம்மாளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? திரையில் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, நெல்டா எழுந்து ஓடிவந்துவிட்டாள்.

நான் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன். பனி முன்கண்ணாடியை மெதுவாக மூடிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. நெல்டா கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மேல்கோட்டு இல்லை, தலைமுடியெல்லாம் பனி.

"என்னம்மா, மாத்திரைச் சீட்ட மறந்துட்டனா?"

"லைல், என்னைப் பாருங்க." பார்த்தேன். "நீங்க சாகணும்னு நெனைக்கிறீங்களா?"

இந்த முறை அவள் கண்ணை எடுக்கவில்லை. என் கையைப் பிடிக்கவில்லை, தோளைத் தட்டவில்லை. இருபது வருடமாக ஓயாத அந்தக் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. பதில் வரும்வரை அங்கேயே இருப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடி முழுக்க வெள்ளையானது.

"ஆமா" என்றேன். "சனிக்கிழமை ஏலம் முடிஞ்சதும்."

அவள் முகம் பேயறைந்தது போல ஆயிற்று, ஆனால் பார்வை அங்கேயேதான் இருந்தது. "உள்ள கேட்டப்ப இல்லைன்னீங்களே" என்றாள் மெல்ல.

"நீ இல்லைங்கிற பதில்தான் வேணும்னு கேட்ட. பாவம், உன்னை எதுக்குச் சங்கடப்படுத்தணும்னு சொல்லிட்டேன்."

அதைக் கேட்டதும் அவள் அழுதாள். "எனக்குப் பயமா இருந்துச்சு, லைல். ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். அதான் ஓட்டமா கேட்டேன்." மூக்கைச் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டாள். "இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா நான் போகமாட்டேன். துப்பாக்கியெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

எத்தனை மாடு என்று கேட்பதைவிட இது மோசமான கேள்வி. சொன்னேன். சட்டைப் பையிலிருந்து அலமாரிச் சாவியையும் எடுத்து நீட்டினேன். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது, மாவிஸைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

நாங்கள் மறுபடி உள்ளே போனோம். அவள் அந்த அம்மாளிடம் நடந்ததைச் சொன்னாள், மூன்று பேரும் வெகுநேரம் பேசினோம். அன்று சாயங்காலமே நெல்டாவின் கணவன் ரோலண்ட் வந்து துப்பாக்கிகளை எடுத்துப்போனான். தங்கை டென்வரிலிருந்து வந்து சேர்ந்தாள், வந்ததும் வராததுமாக என் சமையலறையைக் குறை சொன்னாள். தூக்கம் உடனே வந்துவிடவில்லை. மருந்து மாற்றி, அளவு மாற்றி, வாராவாரம் நெல்டா முன்னால் போய் உட்கார்ந்து, வசந்தம் பிறந்த பிறகுதான் வந்தது.

ஏலத்துக்கு நான் மாடுகளை அனுப்பவில்லை. சனிக்கிழமை காலையில் அவற்றுக்கு வைக்கோல் போட்டேன். ஞாயிறு என்று ஒரு நாளை நான் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை. அன்றைக்கும் எழுந்து போய் வைக்கோல் போட்டேன்.