இரும்பை நிறுத்தாத புஷ்பராணி அக்கா

ஜெர்மனியின் பான் நகரிலிருந்து புஷ்பராணி அக்காவின் கணவர் தொலைபேசியில் அழைத்தபோது நான் சப்பாத்தில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். "தம்பி, ராணி விடியப்புறம் போயிட்டா" என்றார். நோய் முற்றியது முன்பே தெரிந்ததுதான். அடக்கத்தன்று எங்கள் அலுவலகத்தின் மலர்வளையம் வந்தது. அதன் நாடாவில் "பொறுமையான எங்கள் தோழிக்கு" என்று எழுதியிருந்தார்கள். அவரை அறிந்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மன்னாரிலிருந்து அகதியாக வந்து, பானில் தொல்லியல் படித்தவர் அக்கா. மத்தியகாலப் போர் நடந்திருக்கக்கூடிய நிலங்களில் கட்டடம் எழுமுன், உலோகம் தேடும் கருவியோடு நடந்து பார்ப்பது எங்கள் வேலை. அவர் தலைமையில் நான் நடந்தேன்.

ஹனோவருக்கு வெளியே ஒரு கோதுமை வயல். அங்கே பெரிய களஞ்சியம் ஒன்று வரவிருந்தது. துருப்பிடித்த கலப்பை ஆணிகள் நிறைந்த மண்ணில் கருவி ஓயாமல் கத்தியது. இரும்புக்குக் கத்தாதபடி அதை மாற்றிவைக்கலாம். அப்படியே செய்து வேலையைச் சுருக்கும்படி அலுவலகம் சொன்னது. அக்கா மாட்டேன் என்றார். குனிந்து குனிந்து தோண்டி நான் சலித்துப்போனேன்.

"அக்கா, முழுக்கக் கறள் ஆணிதான். இடுப்பு முறியுது."

"அம்பு முனையும் இரும்புதானே தம்பி. இரும்பை நிப்பாட்டினா அது என்னெண்டு சத்தம் போடும்?"

வாய்க்கால் ஓரத்தில் அம்பு முனைகள் அடுத்தடுத்துக் கிடைத்தன. அக்கா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "இதிலை ஆக்கள் செத்திருக்கினம். பேர் தெரியாட்டிலும் இடமாவது தெரியட்டும்" என்றார்.

அலுவலகத்திடம் மேலும் சில நாட்கள் கேட்டார். "டெர்மின் முடிஞ்சுதாம், குடுத்த தவணை அவ்வளவுதானாம்" என்று பல்லைக் கடித்தபடி வந்தார். அலுவலகம் வேறொரு குழுவை இறக்கியது. அவர்கள் இரும்பை நிறுத்திவிட்டு நடந்தார்கள். வயலில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு சத்தமில்லை என்பது என்ன ஆய்வு? அக்கா கண்டெடுத்தவை எங்கிருந்தோ தற்செயலாக வந்தவையாம். நகரசபைக் கூட்டத்தில் அக்கா மேசையில் அடித்துக் கேட்டார். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன்பிறகு அவருக்கு வயலே கொடுக்கவில்லை.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது, "அதுக்கு மேலை சீமெந்து போட்டிட்டாங்களோ?" என்று கேட்டார். "ஓம் அக்கா" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

போனவரின் நிம்மதிக்காகக் கோபத்தை விடு என்கிறார்கள். விடமாட்டேன். அக்கா எனக்கு விட்டுப்போனது அதைத்தான். இந்த வாரம் எனக்கு இன்னொரு வயல், அதே கட்டளை. இரும்பை நிறுத்தாமல்தான் நடக்கிறேன். வேலையை விட்டு என்னை நிறுத்தலாம். ஆனால் அந்த மண்ணுக்குள் ஒருவரும் இல்லையென்று என்னிடம் எழுதி வாங்க முடியாது.