கோட்டைப் படமும் குறுக்கே நின்ற நைனாவும்

திருட்டு தப்பு என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதைத் திருட்டு மென்பொருள் ஓடும் கணினியை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்பதுதான் அதிலுள்ள கஷ்டம். செஞ்சியில், திண்டிவனம் சாலையில், ஒரு கடலை எண்ணெய்க் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். மாலையில் வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணினிக் குற்றம், மென்பொருள் உரிமம், பதிப்புரிமை என்ற பாடங்களை நடத்துகிறேன். கத்திக் கத்தித் தொண்டை வறண்ட சக ஆசிரியர்களே, நீங்களாவது என் பாட்டைக் கேளுங்கள்.

திரையின் மூலை

முதல் வகுப்பிலேயே ஆரம்பித்தது வினை. "ஒரு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினாலும் அது நமக்குச் சொந்தமாகிவிடாது. பயன்படுத்திக்கொள்ள அனுமதிதான் கிடைக்கும். அந்த அனுமதிக்குப் பெயர்தான் உரிமம்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பின்னாலிருந்த பெரிய திரையின் மூலையில் "இது உரிமம் பெறாத பிரதி" என்று எழுத்து மின்னிக்கொண்டிருந்தது.

அப்படியே நகர்ந்து போய் அந்த மூலையை முதுகால் மறைத்துக்கொண்டேன். மிச்சப் பாடம் முழுவதையும் அங்கிருந்தே நடத்தினேன். கடைசி பெஞ்சுப் பிரகாஷ் பரிதாபப்பட்டு எழுந்தான். "மிஸ், கால் வலிக்கப் போவுது, வந்து குந்துங்க. அதத்தான் நாங்க வந்ததுமே படிச்சிட்டோமே."

ஆள் இல்லாத இடம்

அதே வகுப்பில் வல்லத்திலிருந்து வரும் சுமதி என்ற பெண். கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் தொழிலுக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. கேமரா வாங்க வழியில்லை. கையில் இருந்தது கண்ணாடி விரிசல் விட்ட ஒரு போன். மாணவர்களுக்கான புகைப்படப் போட்டி ஒன்றில் முதல் பரிசு கேமரா என்று தெரிந்ததிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

மழை விட்ட ஒரு காலையில், செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்ததை அருமையாகப் பிடித்துவிட்டாள். ஒரே குறை, கடலைக் கொல்லைக்குப் புறப்பட்ட அவள் நைனா, அதாவது அப்பா, இடது ஓரத்தில் மண்வெட்டியோடு நின்றுவிட்டார். "நவுரு நைனா" என்றதற்கு, தன்னைத்தான் எடுக்கிறாள் என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றாராம். அவரை வெட்டிவிட்டு மலையை மட்டும் போட்டிக்கு அனுப்பினாள். வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் வைத்தாள். போனில் இடமில்லாததால் வெட்டாத முழுப் படத்தை சென்டர் கணினியில் ஏற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்துவிட்டாள். ஸ்டேட்டஸைப் பார்த்த நைனா சொன்னது: "நல்லாதான் இருக்குது. ஆளே இல்லாத எடத்த எதுக்கும்மா புடிச்ச?"

எலுமிச்சம்பழம்

எங்கள் ஓனர் நல்ல மனிதர். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து ஒவ்வொரு கணினி மேலும் ஒன்று வைப்பார். அந்தத் தைரியத்தில், படம் திருத்தும் மென்பொருள் ஒன்றின் திருட்டுப் பிரதியை எங்கிருந்தோ இறக்கினார். வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு ஏற்று என்று அது சொன்னது. அணைத்தார். வீட்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வா என்று திருடன் சொல்லி, நாமும் திறந்துவைத்த மாதிரிதான்.

மறுநாள் ஒரு கோப்பும் திறக்கவில்லை. பணம் கட்டினால் திறந்துவிடுகிறோம் என்று திரையில் மிரட்டல். சுமதியின் முழுப் படமும் உள்ளே மாட்டிக்கொண்டது. இதைத்தான் ஐயா நான் கணினிக் குற்றம் என்று நடத்துகிறேன் என்று கத்தினேன். ஓனர் பழத்தை எடுத்து அழுத்திப் பார்த்தார். "பழம் காஞ்சி பூட்சும்மா, அதான் உள்ள பூந்துட்டான்."

காது குத்து பேனர்

அந்த வாரமே பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு காது குத்து பேனர் எழும்பியது. பின்னணியில் சுமதியின் மலை. உச்சியில், மேகத்துக்கு மேல், கிரீடம் வைத்த கைக்குழந்தை மலையை விடப் பெரிதாக உட்கார்ந்திருந்தது. பேனர் கடைக்காரர் செல்வத்திடம் நானும் சுமதியும் போனோம். "கோட்ட இன்னா உங்க நைனா கட்டுனதா?" என்றார். கோட்டை யாருடையதாக இருந்தாலும் படம் எடுத்தவளுக்குத்தான் பதிப்புரிமை, ஸ்டேட்டஸில் வைத்ததால் அது ஊர்ச் சொத்தாகிவிடாது என்று முழுப் பாடத்தையும் அவருக்கு நடத்தினேன்.

மனிதர் இறங்கிவந்தார். சாயங்காலமே "படம்: வல்லம் சுமதி" என்று ஒரு துண்டு அடித்து பேனரில் ஒட்டினார். ஒட்டிய இடம், தாய்மாமன்களின் பெயர் வரிசையில். மறுநாள் குழந்தையின் அத்தை சுமதியை பஸ் ஸ்டாண்டில் மடக்கிவிட்டாள். "பேனர்ல பேரு மட்டும் போட்டுக்கினா போதுமா? சீர் தட்டு எங்க?"

அழிச்சாட்டியம்

அடுத்த இடி போட்டிக்காரர்களிடமிருந்து. செஞ்சி பேனரில் இருக்கும் படத்தைத் திருடி அனுப்பியிருப்பதாகப் புகார் வந்திருக்கிறது, உன்னுடையதுதான் என்று நிரூபி, இல்லாவிட்டால் நீக்கிவிடுவோம் என்று மெயில். பெயர்த் துண்டு ஒட்டும் முன்பே பேனரைப் பார்த்துவிட்ட யாரோ செய்த வேலை. தன் படத்தையே தான் திருடியதாகப் பெயர் வாங்கியவள் அவள்தான். வகுப்பில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

மகள் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்க நைனாவே மாடியேறி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "வெட்டிய படம் ஊரெல்லாம் இருக்கிறது. வெட்டாத படம் எடுத்தவளிடம்தான் இருக்கும். அது கிடைத்தால் போதும், கேமரா கிடைக்கிறதோ இல்லையோ, திருடி என்ற பெயராவது போகும்."

அவர் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து அமுக்கினார். முகப்பிலேயே இருந்தது: முழு மலை, மேகம், இடது ஓரத்தில் மண்வெட்டியும் பொத்தானுமாக அவர். சுமதி அழுகையை நிறுத்திவிட்டாள். "உனக்கு எப்படி நைனா வந்துச்சு?"

"அன்னிக்கே நீ குளிக்கப் போவச்சொல்ல உன் போன தெறந்து எனக்கு அனுப்பிக்கினேன். பூட்டு தெறக்க 'ப'னா மாதிரி கோடு இழுப்பியே, பாத்து வச்சிருந்தேன். பொத்தானெல்லாம் போட்டுக்கினு நின்னேன், வெட்டிப் போட்டுட்டியேம்மா."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதாள். போட்டிக்காரர்கள் முழுப் படத்தைப் பார்த்ததும் புகாரைத் தள்ளிவிட்டார்கள். வெட்டாத படமே போட்டியில் இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். கேமரா வல்லத்துக்கு வந்தது. அதில் முதல் படத்துக்குப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்ற நைனா சொன்னார்: "இந்த வாட்டி மலைய வேணும்னா வெட்டிக்க."

அடுத்தவர் போனை அனுமதியில்லாமல் திறப்பது கணினிக் குற்றம் என்று நான் ஆண்டுதோறும் நடத்தும் பாடத்தில், ஒரு பெண்ணின் பதிப்புரிமையைக் காப்பாற்றியதும் அந்தக் குற்றம்தான் என்பதை எந்த இடத்தில் சேர்ப்பது என்றுதான் இன்னும் விளங்கவில்லை.