பதினெட்டாம் மலை

கேரளத்துக்காரர்களுக்கே தேங்காய் விற்றுப் பிழைத்தவர் எங்கள் ஆறுமுகசாமி அண்ணாச்சி. சின்ன வயதில் சங்கரன்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்தார். ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கினார். பிறகு என் மிளகாய்க் கடைக்குப் பக்கத்திலேயே தேங்காய் மொத்தக் கடை போட்டார். தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார், தம்பியைப் படிக்க வைத்தார், எதையும் சொல்லிக்காட்ட மாட்டார். யாராவது அவர் தேங்காயைத் தட்டிப் பார்த்தால் மட்டும் எரிந்து விழுவார்.

கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார். எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் குருசாமி. பதினெட்டாம் முறை போகிறவர் தென்னங்கன்று சுமந்துபோய் அங்கே நட வேண்டும். அண்ணாச்சிக்கோ பதினேழோடு நின்றுவிட்டது. பெரிய குடும்பம். பிறப்போ இறப்போ ஏதாவது ஒரு தீட்டு வரும், மாலையைக் கழற்றிவிடுவார். போன வருஷம், எழுபத்து நான்கு வயதில், மறுபடி போட்டார். இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போனால் முழங்கால் ஏறவிடுமா என்று அவருக்கே பயம்.

நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்க்கும் மகன் மஹேஷுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகப் பிள்ளையில்லை. பின்னாளில் அண்ணாச்சி மலையில் கேட்டதெல்லாம் அந்த ஒன்றுதான். மருமகள் சுப்ரியா உண்டானபோது கடைகடையாக மிட்டாய் கொடுத்தார். பேறுகாலம் தை மாதம். அதற்குள் போய் வந்துவிடலாம் என்று நினைத்திருந்தார்.

இருமுடி கட்டும் நாள் காலை. கடையில் உட்கார்ந்து தேங்காய்க்குள் நெய் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி முத்தாரம்மாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"பிள்ள பொறந்தாச்சு. வெளிய விட்டுராதீங்க. கேட்டா மாலையக் கழத்திருவாவ."

காதில் விழாதவரை தீட்டில்லை என்பது எங்கள் வழக்கம். நானும் தலையாட்டினேன். இருமுடி கட்ட வந்திருந்த சாமிகளிடம் விஷயம் ஒவ்வொருவராகப் பரவி, கடைக்குள் பேச்சே நின்றுபோனது. நல்ல செய்தியை மறைக்கப்போய் எங்கள் முகத்தில் இழவுக் களை வந்துவிட்டது. அண்ணாச்சி நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சுப்ரியாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சாமி. மலைக்குப் போயிட்டு வந்து கேளுங்க" என்றாள் முத்தாரம்மாள். மாலை போட்டவரை மனைவியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

"கேட்டா மாலை போயிரும்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பிள்ளைக்கு என்னமோ ஏதோன்னு பதறிக்கிட்டு நான் படி ஏறணுமா? சொல்லு."

அவள் உடைந்துவிட்டாள். "பொம்பளப் பிள்ள. எட்டாம் மாசமே பொறந்துட்டு. ரெண்டு பேருக்கும் கொழப்பமில்ல, நல்லாருக்காவ."

அண்ணாச்சி கண்ணை மூடினார். மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் போட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தை அவருக்கு அடுத்த மூத்த சாமியான நெல்லையப்பனிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார். நானும் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சூட்டுப் பெட்டிக்குள் குழந்தை காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. தேறிவிடும், பயமே வேண்டாம் என்றார் நர்ஸ். அண்ணாச்சி அந்த இடத்தை விட்டு நகரவில்லை. எனக்குத்தான் மனது ஆறவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் கேக்காம இருந்திருக்கலாமே அண்ணாச்சி. பதினெட்டாம் மலை போச்சே."

"எங்க போவுது? அடுத்த கார்த்திகைக்கு இழுத்துப் பறிச்சாவது ஏறிருவேன்" என்றார், பேத்தியை விட்டுக் கண் எடுக்காமலே. "இத்தன வருசமும் அங்க போய் இது வேணும் அது வேணும்னு அவரத் தொந்தரவு பண்ணிட்டேன்டே. ஒரு தடவயாவது ஒண்ணும் கேக்காம, சும்மா அவர் முகத்தப் பாத்துட்டு வரணும்."